குப்பைக்குப் பாகப்பிரிவினை

கூட்டுக் குடும்பம் ஒன்று பிரியும்போது, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் பெரியவர்கள் சில விஷயங்களில் மிகுந்த கவனத்துடன் இருப்பது வழக்கம். நன்செய் இன்னாருக்கு, புன்செய் இன்னாருக்கு, வீட்டில் கீழண்டைப் பாதி மூத்தவருக்கு, மேலண்டைப் பாதி இளையவருக்கு என்று வகுப்பது எளிது. கிணற்றை அவ்வாறு வகுக்க இயலாது. ஆகையால், கிணறும் அதற்குப் போகும் நடைபாதையும் பொதுவில் என்று எழுதி, யார் எந்த நாளில் இறைத்துக்கொள்வது என்று முறையும் வைப்பார்கள். தகப்பனார் பட்ட கடனில் யார் எவ்வளவு அடைப்பது, தாயாரின் ஜீவனத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் தவறாமல் சேர்ப்பார்கள். இவற்றை எழுதாமல் விட்ட பத்திரம் பிற்பாடு கோர்ட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

நகர நிர்வாகத்திலும் இத்தகைய பிரிவினைகள் நிகழ்கின்றன. பல வட்டாரங்களுக்குப் பொதுவாக இருந்து குப்பையை அகற்றிவந்த ஒரு சபையையோ மாநகராட்சியையோ சட்டம் ஒரே நாளில் கலைத்துவிடுகிறது. மறுநாள் காலையிலும் வீடுகளில் குப்பை சேர்ந்துகொண்டுதான் இருக்கும். அதை எடுப்பவர் யார்? எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பல ஆண்டுகளாகச் சேர்ந்து மலையாகிவிட்ட பழைய குப்பைக்கு உடையவர் யார்? கலைக்கும் சட்டத்தை எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவைக்காவிட்டால் நேரும் கதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழகத்தை விட்டு வந்து வெளிமாநில நகரங்களில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமன்று. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் இரண்டு நகரங்களான டில்லியிலும் பெங்களூரிலும் அண்மை ஆண்டுகளில் நகர நிர்வாகங்கள் பிரிந்திருக்கின்றன; டில்லியில் பிரிந்தது மீண்டும் கூடியும் இருக்கிறது. நாம் வரி செலுத்தும் அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறியதை நம்மில் பலர் கவனித்திருப்போம். பெயர்ப்பலகைக்குப் பின்னால் என்ன மாறியது என்பதை ஆராய்ந்தவர் சிலரே.

முதலில், குப்பை அகற்றும் பணியின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். அது ஒரே வேலை போலத் தோன்றினாலும் அதில் நான்கு படிகள் உண்டு. வீதியைப் பெருக்கி, வீடுதோறும் குப்பையைச் சேகரிப்பது முதற்படி. சேகரித்ததை வண்டியில் ஏற்றிச் செல்வது இரண்டாம் படி. மக்குவதை எருவாக்கியும், மறுபடி பயன்படுவதைப் பிரித்தும், எரியக்கூடியதை எரித்தும் அளவைக் குறைப்பது மூன்றாம் படி. எதற்கும் ஆகாமல் எஞ்சியதை ஓரிடத்தில் இட்டு மூடுவது நான்காம் படி.

இவற்றுள் முதற்படி ஒவ்வொரு தெருவுக்கும் உரியது. துடைப்பமும், கைவண்டியும், வேளை தவறாத மேற்பார்வையும் இருந்தால் சிறிய நகரசபைகூட அதைச் செவ்வனே செய்யும். சொல்லப்போனால் பெரிய சபையைவிட நன்றாகவே செய்யும். ஆனால் படிகள் மேலே போகப் போக, பரந்த நிலமும் பெரும் முதலும் தேவைப்படுகின்றன. எருக்கிடங்கும், எரிவுலையும், ஏக்கர் கணக்கில் நிலமும் ஒவ்வொரு சிற்றூருக்கும் தனித்தனியே கிடைத்துவிடா. கிடைத்தாலும் கட்டுப்படியாகா. ஆகவேதான், பெருக்குவதை அவரவர் வைத்துக்கொண்டு, கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பொதுவில் செய்துகொள்ளும் கூட்டு அமைப்புகள் உலகெங்கும் தோன்றின. நமது நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திடக்கழிவு விதிகளும், அருகருகே உள்ள ஊர்கள் குப்பைக் களத்தைப் பொதுவில் அமைத்துக்கொள்ள இடமளித்தன.

கூட்டாக இருப்பதில் சங்கடங்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. செலவைப் பங்கிடுவதில் பூசல் எழும். ஒருவர் வீட்டுக் குப்பை இன்னொருவர் ஊரில் குவியும். குறையைச் சொல்லப் போனால், பெரிய சபையின் அதிகாரி எங்கோ தொலைவில் இருப்பார். நாளடைவில், "இந்தக் கூட்டு வேண்டாம், அவரவர் காரியத்தை அவரவர் பார்த்துக்கொள்வோம்" என்ற குரல் எழுவது இயற்கையே. அக்குரலில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவரவில்லை. கலைப்பது தவறன்று, கணக்குத் தீர்க்காமல் கலைப்பதே தவறு. டில்லியின் வரலாறு இதை நமக்குத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

சுதந்திரத்துக்கு முன்பும், அதையடுத்த சில ஆண்டுகளிலும் டில்லியில் ஒரே நகரசபை இருந்ததில்லை. பழைய டில்லிக்கு ஒன்று, புது டில்லிக்கு ஒன்று, இராணுவக் குடியிருப்புக்கு ஒன்று, யமுனைக்கு அக்கரையில் ஷாஹ்தராவுக்கு ஒன்று என்று பல உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. குடிநீரும் சாக்கடையும் இந்த எல்லைகளை மதிக்கமாட்டா அல்லவா? அதனால் 1926-ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டு நீர் விநியோகத்துக்கென ஒரு கூட்டு வாரியம் அமைத்தார்கள். பிற்காலத்தில் கழிவுநீரும் அதன் பொறுப்பில் சேர்ந்தது.

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லியில் பெரியதொரு காமாலை நோய் பரவியது. நஜஃப்கர் ஓடையின் கழிவுநீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு எதிர்த்து ஏறி, நகரத்தின் நீரில் கலந்துவிட்டது. 29,000-க்கு மேற்பட்டவர்கள் மஞ்சட்காமாலையால் பீடிக்கப்பட்டார்கள். நகரின் ஒரு பகுதி கழிப்பதை மற்றொரு பகுதி குடிக்கவும் நேரலாம் என்பதை அந்தக் குளிர்காலம் ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியது.

1957-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1958 ஏப்ரல் 7-ஆம் தேதி டில்லி மாநகராட்சி பிறந்தது. புது டில்லி நகரசபையும் இராணுவக் குடியிருப்பும் தனியே நிற்க, மற்ற உள்ளாட்சி அமைப்புகள் அதில் ஐக்கியமாயின. மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றின் தனி வாரியங்களோடு நீர்க் கூட்டு வாரியமும் அன்று மறைந்தது. மறைந்தபோதிலும் அதன் வேலை துண்டாடப்படவில்லை. குழாய்களும், கடன்களும், சிப்பந்திகளும் முழுமையாக மாநகராட்சியின் கீழ் இயங்கிய தனிப்பிரிவு ஒன்றுக்கு மாறின. பின்னர் 1998-ல் அந்தப் பிரிவே டில்லி ஜல் போர்டு என்னும் தனி வாரியமாயிற்று. எழுபதாண்டுக் காலத்தில் உடையவர் பெயர் மாறியும், இன்ன குழாய் இன்னாருடையது என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டார்கள். கலைப்பதில் இது ஒரு வகை.

இதற்கு நேர்மாறான வகையை 2012-ல் கண்டோம். டில்லி மிகப் பெரிதாகிவிட்டது, ஒரே மாநகராட்சி மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, மூன்றாகப் பிரித்தால் நிர்வாகம் அருகில் வரும் என்ற கருத்தோடு 2011-ல் சட்டம் திருத்தப்பட்டது. 272 வட்டங்களில் 104 வடக்கு மாநகராட்சிக்கும், 104 தெற்கு மாநகராட்சிக்கும், 64 கிழக்கு மாநகராட்சிக்கும் ஒதுக்கப்பட்டன. கரோல்பாகில் இருந்த தமிழர் வடக்குக்கும், ராமகிருஷ்ணபுரத்தில் இருந்தவர் தெற்குக்கும், மயூர் விஹாரில் இருந்தவர் கிழக்குக்கும் குடிகளாயினர்.

டில்லியின் குப்பையைக் கொட்ட மூன்று பெரிய களங்கள் இருந்தன. 1984-ல் தொடங்கிய காஸிப்பூர், 1994-ல் தொடங்கிய பல்ஸ்வா, 1996-ல் தொடங்கிய ஓக்லா ஆகியவை அவை. காஸிப்பூர் கிழக்கின் எல்லைக்குள் இருந்தது. பல்ஸ்வா வடக்குக்கும், ஓக்லா தெற்குக்கும் சேர்ந்தன. மூன்று பிள்ளைகள், மூன்று களங்கள். ஆளுக்கொன்று என்று பார்த்தால் பங்கீடு சமமாகவே தோன்றும். ஆனால் பிரிவினை நடந்தபோதே மூன்றும் கொள்ளளவைக் கடந்துவிட்டிருந்தன. காஸிப்பூர் 2002-லேயே நிரம்பிவிட்டது. ஆகவே மூவருக்கும் கிடைத்தது உண்மையில் களமன்று. குப்பை மலையொன்றின் பாரமே.

அந்தப் பாரமும் சமமாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் கணக்குப்படி மூன்று களங்களிலும் சுமார் 280 லட்சம் டன் பழைய குப்பை கிடந்தது. அதில் காஸிப்பூரில் மட்டும் 140 லட்சம் டன். பல்ஸ்வாவில் 80 லட்சம். ஓக்லாவில் 60 லட்சம். பிரிவினைக்குப் பின் சேர்ந்ததும் இக்கணக்கில் அடங்கும் என்பது மெய்யே. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 272 வட்டங்களில் 64 மட்டுமே பெற்ற, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவான பங்கை உடைய மாநகராட்சியின் தலையில், பழைய குப்பையில் பாதி ஏறியது. 1984 முதல் 2012 வரை 28 ஆண்டுகள் அந்த மலையை வளர்த்தது பிரிவுபடாத மாநகராட்சி. குடும்பம் சேர்ந்து பட்ட கடன், இளைய பிள்ளையின் வீட்டு வாசலில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் அவன் கடனாயிற்று.

வருமானத்தைப் பார்த்தாலோ நிலைமை இன்னும் மோசம். மாநகராட்சிக்கு முக்கியமான வரவு வீட்டு வரி. தெற்கில் வசதி படைத்த குடியிருப்புகளும் பெரிய கடைவீதிகளும் இருந்தன. கிழக்கில் நெருக்கமான குடியிருப்புகளும், அங்கீகாரம் பெறாத காலனிகளும் மிகுதி. குப்பையோ ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வரியோ அவர்களுடைய வசதியைப் பொறுத்தது. ஒரே பொக்கிஷம் இருந்தவரையில் தெற்கின் வரியைக் கொண்டு கிழக்கின் வீதியைப் பெருக்க முடிந்தது. பொக்கிஷம் மூன்றானதும் அந்த வழி அடைபட்டது. அதற்கு ஈடாக ஒரு நிலையான ஏற்பாடும் செய்யப்படவில்லை.

இதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். கிழக்கு டில்லியில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையாயிற்று. 2015 ஜூனில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2016-ன் தொடக்கத்திலும், 2017 ஜனவரியிலும், 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் மீண்டும் நிறுத்தினார்கள். குப்பை சாலைகளில் குவிந்தது, கடைவாசல்களை மறைத்தது. மாநில அரசு தரவேண்டிய பங்கைத் தரவில்லை என்று மாநகராட்சிகள் சொல்லின. தரவேண்டியதைத் தந்துவிட்டோம் என்று மாநில அரசு சொல்லிற்று. 2015-ல் உயர்நீதிமன்றமே தலையிட நேர்ந்தது. யார் சொன்னது சரி என்பதை ஆராய இது இடமன்று. நம் கவனத்துக்கு உரியது இதுதான்: விடியற்காலையில் துடைப்பத்தை எடுத்து வீதிக்கு வரும் பெண்மணிக்குச் சம்பளம் தரவேண்டியவர் இன்னார் என்று ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடியாத நிலையை அந்தப் பிரிவினை உண்டாக்கிற்று.

அடுத்த பலன் இன்னும் கொடியது. 2017 செப்டம்பர் முதல் தேதியன்று, மழையில் ஊறியிருந்த காஸிப்பூர் குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்தது. அருகிலிருந்த சாலையில் போய்க்கொண்டிருந்த வாகனங்களைப் புரட்டிப் பக்கத்துக் கால்வாயில் தள்ளிற்று. இருவர் உயிரிழந்தனர். காஸிப்பூரில் இனிக் குப்பை கொட்டலாகாது என்று உடனே உத்தரவு பிறந்தது. அப்படியானால் கிழக்கு டில்லியின் குப்பையை எங்கே கொட்டுவது? நகரின் வடமேற்கு மூலையில் உள்ள ராணி கேரா என்ற ஊரைக் காட்டினார்கள். அது வடக்கு மாநகராட்சியின் எல்லையைச் சேர்ந்தது. அவ்வூர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். யமுனைக்கு அப்பாலிருந்து வரும் குப்பை எங்கள் வயல்களுக்கு அருகே ஏன் வரவேண்டும் என்று அவர்கள் கேட்டதில் என்ன பிழை? வண்டிகள் திரும்பின. சில நாட்களில் குப்பை மறுபடியும் காஸிப்பூர் மலைக்கே போகத் தொடங்கியது. 2019-ல் அந்த மலையின் உயரம் சுமார் 65 மீட்டர். குதுப் மினாரின் உயரமே 73 மீட்டர்தான்.

இந்த நிகழ்ச்சியில் குற்றவாளி என்று ஒருவரைக் காண்பது கடினம். கிழக்கு மாநகராட்சிக்கு வேறு நிலம் இல்லை. வடக்கு மாநகராட்சிக்கு அண்டை வீட்டுக் குப்பையைத் தாங்கவேண்டிய கடமை இல்லை. நிலத்தை ஒதுக்கும் அதிகாரம் மாநகராட்சிகளிடமே இல்லை. டில்லியில் அது மத்திய அரசின் கீழ் இயங்கும் வளர்ச்சி அதிகார சபையைச் சார்ந்தது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். எல்லா எல்லைகளையும் சேர்த்துப் பார்த்து, இந்த நகரத்தின் குப்பை இன்ன இடத்துக்குப் போகட்டும் என்று முடிவு சொல்ல ஒருவர் இல்லாமற்போனதே கேடு. பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றை எழுத மறந்தார்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 2022-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிரிவினை நிலப்பரப்பிலும் வருமானத்திலும் சமமாக அமையவில்லை என்பதும், கடமைகளுக்கேற்ற வருவாய் இல்லை என்பதும் அந்த மசோதாவுக்குக் காட்டிய காரணங்கள். 2022 மே 22-ஆம் தேதி மூன்றும் மீண்டும் ஒன்றாயின. வட்டங்கள் 250 ஆயின. டிசம்பரில் தேர்தல் நடந்தது. மூன்று பொக்கிஷங்கள் ஒன்றானது போலவே மூன்றின் கடன்களும் ஒன்றாயின. அவ்வாண்டு ஏப்ரலில்தான் பல்ஸ்வா குப்பை மலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளைப் புகை சூழ்ந்தது. மலைகளைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் எரிபொருளையும் பிரிக்கும் பணியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கட்டளைப்படி 2019-லேயே மூன்று மாநகராட்சிகளும் தொடங்கியிருந்தன. ஒன்றானபின் அது ஒரே நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. ஒன்று சேர்ந்ததனாலேயே மலை கரைந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், மலை யாருடையது என்ற கேள்வி தீர்ந்தது. அக்கேள்வி தீராமல் மண்வெட்டியை எடுக்கவே ஆள் வராது.

அப்படியானால் பெரிய மாநகராட்சியே நல்லது, பிரிப்பது கூடாது என்று முடிவு செய்துவிடலாமா? அவ்வாறு செய்வது அவசரம். வெளிநாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்த்தால் இது விளங்கும்.

லண்டன் மாநகரம் முழுமைக்கும் பொதுவாக இருந்த பெருநகர மன்றத்தை 1985-ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டு பிரிட்டிஷ் அரசாங்கம் கலைத்தது. 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு அம்மன்றத்தின் ஆயுள் முடிந்தது. அது அரசியல் வாதங்கள் மிகுந்த கலைப்பு. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஏராளம். குப்பையைப் பொறுத்தவரை, அங்கே சேகரிப்பது உள்வட்ட மன்றங்களின் வேலையாகவும், கொண்டுபோய் ஒழிப்பது பெருநகர மன்றத்தின் வேலையாகவும் இருந்தது. கலைத்தபோது, ஒழிக்கும் வேலையை 32 வட்ட மன்றங்களுக்கும் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்துவிடவில்லை. அவற்றுள் 21 மன்றங்களை நான்கு தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் சட்டபூர்வமான ஒரு கூட்டு அதிகார சபையை அமைத்தார்கள். மேலும், கலைந்த மன்றத்தின் மிச்சச் சொத்துக்களையும் கடன்களையும் தீர்த்துவைப்பதற்கென்றே ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார்கள். அது பத்தாண்டுகள் வேலை செய்து 1996-ல் தன் கணக்கை முடித்துக்கொண்டது. ஒருவர் மறைந்தபின் அவருடைய வரவு செலவைத் தீர்க்க ஒரு நிர்வாகியை நியமிப்பது போன்ற ஏற்பாடு அது.

மான்செஸ்டர் வட்டாரத்திலும் 1986-ல் இத்தகைய குப்பைக் கூட்டு அதிகார சபை ஒன்று தோன்றியது. பத்து மன்றங்களில் ஒன்பது அதில் சேர்ந்தன. விகன் தன் வழியே போயிற்று. 2009-ல் தனியாரோடு 25 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 2017-ல் முடித்துக்கொண்டபின், 2018 ஏப்ரல் முதல் தேதியில் அந்தச் சபை கலைக்கப்பட்டது. அதன் பணி முழுவதும், அதே பத்து மன்றங்களும் சேர்ந்து 2011-ல் அமைத்திருந்த பொது அதிகார சபைக்கு மாறியது. கூட்டுச் சபை மறைந்தது. கூட்டு வேலை மறையவில்லை. நீண்டகால ஒப்பந்தத்தின் சிக்கலை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டுச் சபையைக் கலைத்த வரிசைமுறையும் கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் இந்தச் சோதனை இப்போது பெங்களூருக்கு வந்திருக்கிறது. 2007-ல் பழைய மாநகராட்சியோடு சுற்றியிருந்த நகரசபைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் இணைத்துப் பெரிய மாநகராட்சி ஒன்று உருவாக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் சட்டப்படி, 2025 செப்டம்பரில் அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்தன; அவற்றுக்கு மேலாகப் பெருநகர அதிகார சபை ஒன்றும் அமைந்தது. பெங்களூரின் குப்பைக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஆண்டுக்கணக்கில் நகரத்தின் குப்பையைச் சுமந்த மண்டூர் கிராமத்தார் போராடியதன் பேரில், 2014-ன் இறுதியில் அங்கே கொட்டுவது நின்றது. நகரம் ஒன்றாக இருந்தபோதே கிராமத்தார் ஏற்க மறுத்த சுமை அது. ஐந்தாகப் பிரிந்தபின், நிலமில்லாத நடுப்பகுதியின் குப்பையை விளிம்பில் உள்ள மாநகராட்சி ஏற்குமா என்பதே அங்குள்ள தமிழர்களும் கன்னடர்களும் கேட்கவேண்டிய கேள்வி. டில்லியின் பத்தாண்டு அனுபவம் அவர்கள் கண்முன் இருக்கிறது.

இந்த உதாரணங்களிலிருந்து, ஒரு பொதுச் சபையைக் கலைக்குமுன் எழுதிவைக்கவேண்டியவை ஐந்து என்று தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, இடம். குப்பை இறுதியாகச் சேரும் களம் யார் எல்லையில் இருந்தாலும், அது எல்லோருக்கும் பொதுவா, அன்றா என்பதையும், பொதுவென்றால் அந்த ஊர் மக்களுக்கு மற்றவர்கள் தரவேண்டிய ஈடு என்ன என்பதையும் எழுதவேண்டும். இரண்டாவது, பழைய பாரம். சேர்ந்து கிடக்கும் குப்பையை ஒழிக்கும் செலவு, அதைப் போட்டவர்கள் எல்லோருக்கும் உரியது. அது கிடக்கும் ஊருக்கு மாத்திரம் உரியதன்று. மூன்றாவது, பணியாளர். ஒவ்வொருவருடைய சம்பளம், சேவைக்காலம், பென்ஷன் ஆகியவற்றுக்கு இன்ன தேதி முதல் இன்ன சபை பொறுப்பு என்று பெயர் குறித்து எழுதவேண்டும். நான்காவது, வருமானம். வரி குறைந்த பகுதிக்கு வரி நிறைந்த பகுதியிலிருந்து எவ்வளவு போகவேண்டும் என்பதற்கு ஆண்டுதோறும் கெஞ்சவேண்டாத ஒரு விதி தேவை. ஐந்தாவது, ஒப்பந்தங்களும் பதிவேடுகளும். வண்டிக்காரரோடும், உலை நடத்துகிறவரோடும் செய்த உடன்படிக்கைகள் யாரைக் கட்டுப்படுத்தும் என்பது தெரியாவிட்டால், வழக்கு நடக்கும், வண்டி நடக்காது.

இவ்வளவும் அரசாங்கத்தின் வேலை, நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், திடக்கழிவை அகற்றுவதை நகரசபைகளுக்கு உரிய காரியங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நகரசபை என்பது நம் வாக்கினால் அமைவது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பலர், சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கச் சொந்த ஊருக்கே போகிறார்கள். ஆகவே குடியிருக்கும் ஊரின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. அந்தப் பட்டியலில் பெயரில்லாதவருக்கு நகரசபைத் தேர்தலிலும் வாக்கில்லை. ஊர்ப்பற்று போற்றத்தக்கதுதான். ஆனால் நம் வீட்டு வாசலில் கிடக்கும் குப்பையைத் திருநெல்வேலியின் அங்கத்தினரோ தஞ்சாவூரின் அங்கத்தினரோ வந்து எடுக்கமாட்டார். எந்த ஊரில் குப்பை போடுகிறோமோ அந்த ஊரில் வாக்கும் இருப்பது பொருத்தம்.

எல்லைகள் மாறும்போது, புதிய வட்டங்களின் நகல் பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் தெரிவிக்க மக்களுக்கு அவகாசம் தருவது வழக்கம். அந்த நாட்களில் நம்முடைய குடியிருப்போர் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஒரு கடிதமேனும் எழுதலாம். எங்கள் வட்டம் எந்த மாநகராட்சியைச் சேரும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எங்கள் குப்பை எங்கே போய்ச் சேரும், எங்கள் தெருவைப் பெருக்குகிறவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்றும் கேட்கலாம். பதில் எழுதமுடியாத அதிகாரி, அந்தப் பதில் இன்னும் தயாராகவில்லை என்பதையாவது உணர்ந்துகொள்வார்.

மற்றொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வேறுபடுத்தி வைத்தால், தொலைதூரக் களத்துக்குப் போகும் அளவு குறைகிறது. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் குடியிருப்பின் மூலையிலேயே எருவாகிவிடுமானால், அதற்கு எல்லைத் தகராறு ஏது? களத்துக்குப் போகும் வண்டிகள் குறையக் குறைய, ராணி கேராவும் மண்டூரும் எழுப்பிய கேள்வியின் கடுமையும் குறையும். நிர்வாகம் எத்தனை முறை பிரிந்தாலும் கூடினாலும் இந்த நன்மை நம்மிடமே நிற்கும்.

நகரங்கள் வளர்கின்றன, அவற்றின் சபைகள் பிரியவும் கூடவும் செய்யும். அதைத் தடுக்கவேண்டியதில்லை. பிரியும் நாளில், பொதுவில் நிற்கவேண்டியது எது, யார் பொறுப்பு என்பதை எழுதிவைத்துவிட்டுப் பிரியட்டும். அவ்வாறு எழுதச் செய்யும் கடமை, அந்த நகரத்தில் வாழும் எல்லோருக்கும் உண்டு; பிழைக்க வந்தவர்களாகிய நமக்கும் உண்டு.